"பரவால்லீங்க" என்று மட்டும் சொல்லாதீங்க

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு: இதயம் ரத்தத்தைச் சரியாகப் பம்ப் செய்யாததால் உடம்பில் நீர் சேரும், படுத்தால் மூச்சு முட்டும். தருமபுரியில் டாக்டர் எப்படிக் கேட்டாலும் "பரவால்லீங்க" என்பார். முந்தின ராத்திரிதான் மூணு தலையணை வைத்து, பாதி உட்கார்ந்தபடி தூங்கியிருப்பார்!

இப்போது மாதக் காலண்டர் கட்டத்தில் தினமும் குறிக்கிறோம். எத்தனை தலையணை, எத்தனையாவது படியில் மூச்சு வாங்கியது, கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா. கூடவே எடை: காலையில் சிறுநீர் கழித்ததும், வெறும் வயிற்றில். (களி சாப்பிட்டுவிட்டு ஏறினால் கணக்கு தப்பும்.)

மருத்துவர்கள் பயன்படுத்தும் கான்சாஸ் சிட்டி கேள்வித்தாளும் கடந்த 2 வாரத்து மூச்சிரைப்பு, வீக்கம், தூக்கம் பற்றிக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறது, கூடினால் நல்லது. அதற்கு நினைவை நம்புவதைவிடக் காலண்டரை நம்பலாம்.

மூணு நாளில் 2 கிலோ ஏறினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குப் போன் போடுங்க.