வான்கோழி பர்கர்: மாட்டிறைச்சிக்குப் பதிலாக, காய்ந்துபோகாமல் செய்யும் முறை

மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில் பர்கர் ஆசை வந்தால் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் கைக்குச் சுலபமாகக் கிடைப்பது வான்கோழிக் கொத்துக்கறி. வாங்கி, பர்கர் செய்து பார்த்துவிட்டு, மரத்தூளைச் சாப்பிடுவதுபோல இருக்கிறது என்று கைவிட்டவர்கள்தான் அதிகம். குறை கறியில் இல்லை. பர்கருக்கு வழக்கமாக எடுக்கும் மாட்டிறைச்சியில் 20 சதவீதம் கொழுப்பு உண்டு. வேகும்போது அது உருகிச் சாறாகிறது. வான்கோழியில் அது குறைவு என்பதால் கொழுப்பையும் ஈரத்தையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

எந்தப் பாக்கெட்?

லேபிளில் மூன்று வகை பார்க்கலாம்: 99%, 93%, 85%. இது கொழுப்பு நீங்கலான பங்கு. 99% என்றால் வெறும் நெஞ்சுக்கறி, பர்கருக்கு உதவாது. அதை வைத்து என்ன வித்தை காட்டினாலும் வறண்டுதான் போகும். 93% எடுங்கள். 85% இன்னும் ருசி, ஆனால் கொழுப்புக்குப் பயந்து வான்கோழிக்கு மாறியவர்களுக்கு அதில் பெரிய லாபம் இல்லை. 85% மாட்டிறைச்சியிலும் கொழுப்பு அதே அளவுதான்.

தேவையானவை (4 பர்கர்)

- 93% வான்கோழிக் கொத்துக்கறி: 1 பவுண்டு (454 கிராம்)
- ஓரம் நீக்கிய வெள்ளை பிரெட்: 1 ஸ்லைஸ்
- பால்: 2 டேபிள்ஸ்பூன்
- துருவிய வெங்காயம்: 2 டேபிள்ஸ்பூன்
- மயோனைஸ்: 1 டேபிள்ஸ்பூன்
- வூஸ்டர்ஷைர் சாஸ்: 2 டீஸ்பூன்
- மிளகுத்தூள்: அரை டீஸ்பூன்
- உப்பு: முக்கால் டீஸ்பூன்
- எண்ணெய்: 1 டேபிள்ஸ்பூன்
- பன் 4, சீஸ் ஸ்லைஸ் 4, லெட்யூஸ், தக்காளி, ஊறவைத்த வெள்ளரி

வூஸ்டர்ஷைர் சாஸில் நெத்திலி வகை மீனும் புளியும் இருக்கின்றன. வான்கோழிக்கு இல்லாத அழுத்தமான இறைச்சி ருசியைக் கொடுப்பது அதுதான். மீன் ஆகாதவர்கள் சோயா சாஸ் ஊற்றலாம்.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, கொத்தமல்லி என்று கை பரபரக்கும். போடலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் அது பன்னுக்குள் வைத்த கட்லெட். பர்கர் ருசிதான் வேண்டும் என்றால் மிளகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. பிரெட்டைப் பிய்த்துப் பாலில் 5 நிமிடம் ஊறவிட்டு, முள்கரண்டியால் கூழாக மசியுங்கள். வேகும்போது கறி சுருங்கி வெளியே தள்ளும் நீரைப் பிடித்து வைப்பது இந்தக் கூழ்தான்.

2. அதிலேயே வெங்காயம், மயோனைஸ், சாஸ், மிளகுத்தூள் கலந்து, கடைசியாகக் கறியைச் சேருங்கள். விரல்களை விரித்து லேசாகக் கிளறினால் போதும். சப்பாத்தி மாவுபோலப் பிசையவே கூடாது. உப்பையும் இப்போது போட வேண்டாம். உப்புப் பட்டுப் பிசைந்த கறியில் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்ததும் சாசேஜ்போல ரப்பராக இழுக்கும்.

3. நான்காகப் பிரியுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, முக்கால் அங்குலக் கனத்தில், பன்னைவிட அரை அங்குலம் அகலமாகத் தட்டுங்கள். வெந்தால் சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் ஒரு சிறு குழி அமுக்குங்கள், இல்லையென்றால் நடுப்பகுதி பந்துபோல உப்பிவிடும்.

4. தட்டில் பார்ச்மென்ட் தாள் (ஒட்டாத சமையல் தாள்) விரித்து வைத்து 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இதைத் தவிர்த்தால் திருப்பும்போது உடையும். மாட்டிறைச்சியைவிட இந்தக் கலவை நெகிழ்வானது.

5. இரும்புச் சட்டியை மிதமான தீயில் சூடாக்கி எண்ணெய் விடுங்கள். அடுப்பில் வைக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் உப்பைத் தூவுங்கள். 5 நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானாகவே சட்டியை விட்டு வரும். ஒட்டினால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள்.

6. திருப்பிப் போட்டு மூடி வைத்து 4 முதல் 6 நிமிடம். பர்கரைத் தட்டையான கரண்டியால் அழுத்தாதீர்கள். 'சுர்' என்ற சத்தம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் போவது நாம் பாடுபட்டுச் சேர்த்த சாறு. கடைசி ஒரு நிமிடத்தில் சீஸ் ஸ்லைஸை வைத்து மூடுங்கள்.

வெந்ததா?

கண்ணை நம்ப வேண்டாம். முழுதாக வெந்த வான்கோழிகூடச் சில சமயம் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். வெளுத்துப்போனது வேகாமலும் இருக்கலாம். பத்து, பதினைந்து டாலர் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை செருகுங்கள். அமெரிக்க வேளாண் துறை அரைத்த கோழி, வான்கோழி இறைச்சிக்குச் சொல்லும் அளவு 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்). மாட்டிறைச்சி பர்கரை நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் வான்கோழியில் அந்தப் பழக்கம் கூடாது. 165 வந்த உடனே இறக்குங்கள். 175-ஐத் தாண்டவிட்டால் பிரெட்டும் பாலும் போட்டது வீண். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் தீ அதிகம்.

இறக்கியதும் 3 நிமிடம் ஆறவிட்டு, அதற்குள் பன்களை வெண்ணெயில் வாட்டிக்கொள்ளுங்கள். வாட்டாத பன் சாறில் ஊறிப் பிய்ந்துவிடும்.

கோடையில் யார் வீட்டுக் கொல்லைப்புறத்திலாவது கிரில் போடும்போது கொண்டுபோவதானால், முன்னாலேயே தட்டி, இடையிடையே பார்ச்மென்ட் தாள் வைத்து உறையவிடுங்கள். மூன்று நான்கு மாதம் தாங்கும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளகவிட்டு, ஐஸ் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். கிரில் கம்பியில் நேராக வைத்தால் ஒட்டி உடையும், இரும்புச் சட்டியையே கிரில் மேல் வைப்பது நல்லது. பக்கத்தில் மாட்டிறைச்சி வேகும் கிரில்லாக இருந்தால் அதன் கொழுப்புப் படாமலிருக்கவும் சட்டி உதவும். பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்ததைத் திரும்ப வைக்காமலிருக்க, சுத்தமான தட்டும் இடுக்கியும் தனியாக எடுத்துப் போங்கள்.