பி.இ. மட்டும் பார்த்து விற்றவன் சொல்கிறேன்

வண்ணார்பேட்டை டீக்கடையில் ஒரு தம்பி செல்போனில் ஒரு டெக் கம்பெனிப் பங்கைக் காட்டினான். "அண்ணாச்சி, பி.இ. 80 காட்டுது. விலை கூடுதல்லா, வித்துரவா?" பி.இ. என்றால், ஒரு பங்குக்கு வரும் வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலையில் பங்கு விற்கிறது என்ற கணக்கு. 2009-ல் நான் கேட்ட அதே கேள்வி. ஓசி டிப்ஸ், கடன் வாங்கி வியாபாரம் பற்றியெல்லாம் அவனுக்கே தெரியும், அதை விடுகிறேன். மற்ற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இந்த வருஷ லாபத்தை வைத்தே டெக் கம்பெனியை எடைபோடுவது

அரிசி ஆலைக்காரர் புது மெஷின் வாங்கினால், செலவைத் தேய்மானமாகப் பல வருஷத்துக்குப் பிரித்து எழுதுவார். சாப்ட்வேர் கம்பெனி அடுத்த தயாரிப்புக்கு ஆள் எடுத்தால், சம்பளத்தில் பெரும்பகுதி அந்த வருஷமே செலவில் ஏறிவிடும். லாபம் மெலியும், பி.இ. ஊதும். தென்னங்கன்றுக்கு ஊற்றின தண்ணியை நஷ்டமென்று எழுதுகிற கணக்கு இது.

அமேசானைப் பாருங்கள். கிளவுட் தொழிலை, அதாவது இணையம் வழியாகக் கம்ப்யூட்டர் வசதியை வாடகைக்கு விடுவதை, 2006-லேயே தொடங்கிவிட்டது. அதன் வரவு செலவைத் தனியாகக் காட்டியது 2015 ஏப்ரலில்தான்: ஒரே காலாண்டில் 157 கோடி டாலர் வருமானம், 26.5 கோடி டாலர் செயல்பாட்டு லாபம். மறுநாளே பங்கு சுமார் 14 சதவீதம் ஏறியது. கன்று ஒன்பது வருஷமாக அங்கேதான் நின்றது. 2014-ல் மொத்தக் கம்பெனியும் நஷ்டம் காட்டியதால் பலரும் வேலியோடு திரும்பிப் போனார்கள்.

நானும் போனேன். கையில் இருந்த ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனிப் பங்கை, பி.இ. 40 தாண்டியதென்று விற்று பைக் வாங்கினேன். ஆண்டறிக்கையைத் திறக்கவேயில்லை. பழைய வாடிக்கையாளர் வருஷா வருஷம் புதுப்பிக்கிறாரா, செலவு எதற்குப் போகிறது, தொழிலில் ரொக்கம் வருகிறதா என்று மூன்றே இடம் பார்த்திருந்தால் போதும். பைக் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பங்கு பலமடங்கு ஏறிக் கிடக்கிறது. இன்றும் அந்த விலையைப் பார்த்தால் எரிச்சல்தான்.

தம்பியிடமும் ஆண்டறிக்கையைத் திறக்கச் சொன்னேன். "இருநூறு பக்கத்துக்கு மேல இருக்கே அண்ணாச்சி" என்றான்.

நஷ்டக் கம்பெனி எல்லாமே நாளைய அமேசான் என்று நம்புவது

இது மறுபக்கத்துக் கிணறு. 1999 டிசம்பர் உச்சத்தில் அமேசானையே வாங்கியவர், 2001-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தார். போட்ட விலை திரும்பி வர 2009 ஆனது. கம்பெனி சரி, கொடுத்த விலை தப்பு.

காலாண்டு முடிவு வந்த அன்றே விற்பது

வேண்டாம்.

ஜோஹோ பங்கு தேடுவது

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் இருக்கிறது, பங்குச்சந்தையில் கம்பெனி இல்லை. கேட்காதீர்கள்.