கிறிஸ்துமஸ் சந்தைக் கப்பல் பயணம்: ஊர்களை விடுங்கள், மாலைப் பொழுதுகளை எண்ணுங்கள்

டிசம்பர் நடுவில் வியன்னாவில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். புடாபெஸ்ட்டில் இன்னும் சில நிமிடங்கள் முன்னதாகவே. அதுவரை கிறிஸ்துமஸ் சந்தை என்பது மரக்கடைகள் வரிசையாக நிற்கும் ஒரு சதுக்கம், அவ்வளவுதான். இருட்டத் தொடங்கியதும் அதே இடம் வேறு ஊராகிவிடும். கடைக் கூரைகளில் விளக்குகள் எரியும். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயினிலிருந்து ஆவி வெள்ளையாக எழும். வேலை முடிந்த உள்ளூர்க்காரர்கள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார்கள். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு செலவழித்துப் போகிறோம்.

ஆற்றுக் கப்பலில் போய் இந்தச் சந்தைகளைப் பார்க்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காததால் வருகிறது. "எட்டு நாள், ஏழு ஊர்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், ஊர் எண்ணிக்கை கூடக் கூட லாபம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அம்மாவை அழைத்துக்கொண்டு முதல் முறை போனபோது நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் மாலை நாலரைக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலம் அங்கே டான்யூப் ஆற்றின் குறுக்கே இன்றும் நிற்கிறது. அதன் மேல் விளக்குகள் எரியத் தொடங்கியதை நாங்கள் கப்பல் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். "இப்போதானே ஆரம்பிக்குது, அதுக்குள்ள கிளம்பிட்டாங்களே" என்றார் அம்மா. அந்தப் பயணத்தில் சந்தையில் நின்று அனுபவித்த முழு மாலை என்று பார்த்தால் இரண்டே இரண்டு.

ஆகவே பணம் கட்டும் முன் ஒவ்வொரு ஊரிலும் கப்பல் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் புறப்படும் என்ற நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சந்தைகள் பெரும்பாலும் காலை பத்து, பதினொன்றுக்குத் திறந்து இரவு எட்டு, ஒன்பது மணி வரை நடக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் கப்பல் நிற்கும் ஊர்கள் எத்தனை, இரவு முழுக்க நிற்கும் ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஏழு ஊரில் இரண்டு மாலை கிடைக்கும் பயணத்தைவிட, நான்கு ஊரில் நான்கு மாலை கிடைக்கும் பயணம் எவ்வளவோ மேல்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, இரவுச் சாப்பாட்டுக்காகக் கப்பலுக்கு ஓடி வருவது. கப்பலில் ஏழு மணி வாக்கில் இரவு உணவு தொடங்கும். காசு கட்டியாயிற்றே, விடலாமா என்று தோன்றும். விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளாவது சந்தையிலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

அடுத்தது தேதி. நம் ஊர்ப் பள்ளிகளில் அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வருகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதனால் டிசம்பர் 23 அல்லது 24-ல் கிளம்பும் கப்பலைப் பிடிக்கிறார்கள். அங்கே போய் இறங்கினால் சதுக்கத்தில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஏனென்றால் இது கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலத்துக்கான சந்தை. அந்தக் காலத்துக்கு அட்வென்ட் என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்காவது ஞாயிறில் தொடங்கி டிசம்பர் 24 மாலையோடு முடியும். ஜெர்மனியின் கொலோன் பேராலயச் சந்தையும் சுவிட்சர்லாந்தின் பாசல் சந்தையும் 23-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நியூரம்பெர்க்கில் 24-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணியோடு சரி. ஜெர்மனியில் அன்று மதியத்துக்கு மேல் கடைகளும் மூடிவிடும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை.

விடுமுறையில்தான் போக முடியும் என்றால் டான்யூப்பின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வியன்னா நகர மன்றத்தின் முன்னுள்ள சந்தை 26 வரை நடக்கும். அதே ஊரின் ஷோன்ப்ருன் அரண்மனைச் சந்தை அண்மை ஆண்டுகளில் ஜனவரி முதல் வாரம் வரை நீள்கிறது. புடாபெஸ்ட்டில் புத்தாண்டு வரை கடைகள் இருக்கும். இருந்தாலும் அவ்வாண்டுக்கான தேதியை ஒவ்வொரு நகரத்தின் அறிவிப்பிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிக முன்கூட்டிப் போவதிலும் சிக்கல் உண்டு. அட்வென்ட்டுக்கு முந்தைய ஞாயிறு ஜெர்மனியில் இறந்தோரை நினைவுகூரும் நாள். பெரும்பாலான ஜெர்மன் சந்தைகள் அது கழிந்த பிறகே திறக்கும். 2026-ல் அந்த ஞாயிறு நவம்பர் 22, அட்வென்ட்டின் முதல் ஞாயிறு நவம்பர் 29. நவம்பர் 20-ல் கிளம்பும் கப்பல் விலை குறைவாக இருக்கிறதே என்று பாய்ந்துவிட்டால், முதல் சில ஊர்களில் ஆணி அடிக்கும் சத்தத்தைத்தான் கேட்பீர்கள். என்னைக் கேட்டால் டிசம்பர் முதல் பத்து நாள்தான் சிறந்தது. எல்லாச் சந்தைகளும் திறந்திருக்கும், வார நாட்களில் கூட்டமும் தாங்கக்கூடியதாக இருக்கும். சனி, ஞாயிறு எந்த ஊரில் விழுகிறது என்பதையும் பாருங்கள். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1570-லிருந்து சந்தை நடக்கிறது. அதன் சனிக்கிழமைக் கூட்டத்தில் கடையைப் பார்ப்பதைவிட முன்னால் போகிறவர் முதுகைப் பார்ப்பதுதான் அதிகம்.

நியூரம்பெர்க்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அட்வென்ட்டின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அங்கே சந்தை தொடங்கும். அன்னை மரியாள் ஆலயத்தின் முன்மாடத்தில் பொன்னிறக் கூந்தலும் கிரீடமுமாக ஓர் இளம்பெண் வந்து நின்று தொடக்கப் பாடலை ஓதுவாள். கிறிஸ்ட்கிண்ட் என்று அவளை அழைப்பார்கள். உள்ளூர்ப் பெண்களிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். சதுக்கம் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு அத்தனை பேரும் மூச்சு விடாமல் கேட்கும் நேரம் அது. அதற்காக ஒரு பயணத்தையே அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றி அமைத்தாலும் தகும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கப்பல் நிற்பது பழைய நகரில் இல்லை. மைன் ஆற்றையும் டான்யூப்பையும் இணைக்க 1992-ல் முடிக்கப்பட்ட கால்வாயின் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து நடந்து போக முடியாது, பேருந்துதான். கப்பலின் பேருந்து கடைசியாக எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று கேளுங்கள். அது ஐந்து மணி என்றால் தனியாகப் போய்த் திரும்ப டாக்ஸிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

நேர்மாறாக, கொலோனில் கப்பலிலிருந்து இறங்கிப் பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். ஸ்ட்ராஸ்பர்க் பயணம் என்று விற்கும் கப்பல் சில நேரம் ஆற்றின் எதிர்க்கரையில், ஜெர்மனியின் கேல் நகரில் நிற்கும். அங்கிருந்து எல்லை தாண்டி டிராம் ஓடுகிறது, கவலை இல்லை. எந்த ஊரில் எந்தத் துறையில் நிற்கும் என்ற ஒரே ஒரு கேள்வி உங்கள் மாலைகளில் பலவற்றைக் காப்பாற்றும்.

ரைன் ஆறா, டான்யூப் ஆறா என்பதை ஆற்றின் அழகை வைத்து முடிவு செய்கிறவர்கள் பலர். கோடையில் சரி. டிசம்பரில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான். ரைனில் பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. தூரம் மலைக்கு மலை கோட்டைகள் நிற்கும். அந்தப் பகுதியைக் கப்பல் இரவில் கடந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது. பகலில் கடக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆற்றின் நீர்மட்டத்தைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. டான்யூப்பில் ஜெர்மனியின் ஸ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே சுமார் 70 கி.மீ. தூரத்துக்கு நீரைத் தேக்கி உயர்த்தும் அணை கிடையாது. மழை பொய்த்தால் அங்கே கப்பல் தரை தட்டும், அதனால் போகாது. நீர் மிகுந்துவிட்டாலோ பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: பெட்டி படுக்கையோடு பேருந்தில் ஏற்றி, மறுபக்கம் நிற்கும் வேறு கப்பலில் சேர்ப்பார்கள். நியூரம்பெர்க்கிலிருந்து புடாபெஸ்ட் போகும் பயணம் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தைத் தாண்டியிருக்கும் பாசா நகரில் ஏறி வியன்னா, புடாபெஸ்ட் போகும் பயணத்துக்கு அந்த இடைஞ்சல் இல்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஆபத்து அங்கேயும் அடியோடு இல்லாமல் போகாது, குறையும்.

விசாவில் நடக்கும் தவறு வேறு மாதிரி. விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது என்பதற்காக ஜெர்மன் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. கப்பலில் இரவோடு இரவாக நாடு மாறக்கூடும் என்பதால் விரல் விட்டு எண்ணுங்கள். எந்த நாள் எந்த ஊர் என்று காட்டும் உறுதிக் கடிதத்தை, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதி, கப்பல் நிறுவனத்திடம் வாங்கிவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கடைசி வரம்பை நம்ப வேண்டாம். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. கப்பலைத் தவறவிட்டாலோ பயணம் ரத்தானாலோ பணம் திரும்ப வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத் தரும் காப்பீடு எடுக்க வேண்டும்.

கப்பல் புறப்படும் அன்றே போய் இறங்கும்படி விமானம் போடாதீர்கள். 2023 டிசம்பர் 2 அன்று கடும் பனியால் மியூனிக் விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே நின்றுபோனது. கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகப் போங்கள். ஏறும் ஊரில் கூடுதலாக ஒரு சந்தை மாலையும் கிடைக்கும்.

அறை விஷயத்தில் ஒன்றே ஒன்று. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். குளிரில் கதவைத் திறக்க மாட்டீர்கள். துறையில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள், பால்கனிக்கு எதிரே இன்னொரு கப்பலின் ஜன்னல்தான் இருக்கும். கீழ்த்தள அறையே போதும், இயந்திரம் இருக்கும் பின்பக்கத்தை மட்டும் தவிருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே கப்பலுக்கு எழுதிவிடுங்கள். முட்டை சேர்ப்பீர்களா என்பதையும் தெளிவாக. சந்தையில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சுட்ட கஷ்கொட்டை, சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம், புடாபெஸ்ட்டில் பூரியைவிடத் தடிமனாகப் பொரித்துப் பூண்டும் பாலாடைக்கட்டியும் தடவித் தரும் லாங்கோஷ் எல்லாம் உண்டு. கொலோனில் துருவிய உருளைக்கிழங்கை அடை மாதிரி தட்டி எண்ணெயில் பொரித்து, ஆப்பிள் மசியலோடு தருவார்கள். அதில் பெரும்பாலும் முட்டை இருக்கும். மெல்லிய ரொட்டி மாதிரி இருக்கும் ஃப்ளாம்குக்கனில் பன்றி இறைச்சித் துண்டு தூவியிருப்பார்கள், பருப்பு சூப்பிலும் இருக்கலாம். "ஓனெ ஃப்ளைஷ்" என்று கேளுங்கள். ஜெர்மன் மொழியில் இறைச்சி இல்லாமல் என்று பொருள். குழந்தைகளுக்கும் மது வேண்டாதவர்களுக்கும் "கிண்டர்புன்ஷ்" என்ற சூடான பழச்சாறு கிடைக்கும்.

கோப்பைக்கு முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். ஊர்ப்பெயரும் ஆண்டும் போட்ட கோப்பை பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். சிறு கடைகள் பலவற்றில் ரொக்கம்தான் செல்லும், கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். ஹங்கேரியில் ஃபோரின்ட், பாசலில் ஃபிராங்க்.

கடைசியாக, கால். எல்லோரும் கோட்டுக்குப் பணம் கொட்டுகிறோம், குளிர் ஏறுவது பாதம் வழியாக. சந்தையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், அதுவும் கருங்கல் பாவிய தரையில். பாசாவில் பேராலயத்தின் முன் அம்மா துணி ஷூவோடு அரை மணி நேரம்தான் நின்றார். விரல்களே மரத்துப்போய்விட்டன. பக்கத்துக் கடையில் கையால் பின்னிய சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை வாங்கிப் போடப் பார்த்தால், ஷூவுக்குள் கால் நுழையவில்லை. அன்று மாலையும் போயிற்று. தடித்த அடிப்பாகமும் நீர் புகாத மேல்பாகமும் உள்ள ஷூவை, கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டே கடையில் அளவு பார்த்து வாங்குங்கள். இறுகினால் குளிர் இன்னும் கூடும்.

வியன்னாவில் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை வாங்காமல் வர மாட்டீர்கள். 1900 வாக்கிலிருந்து அந்த ஊரில் செய்துவரும் பொருள் அது. உள்ளே இருப்பது நீர் என்பதால் பெரியதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அம்மா வாங்கியதை அந்தச் சாம்பல் நிறக் காலுறைக்குள் நுழைத்துப் பெட்டியின் நடுவில் வைத்தேன். கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.