கேரட்டை ஒதுக்கும் பிள்ளைகளுக்கு

"காய் சாப்பிடு" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. சாம்பார் கேரட்டைத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்களையே விளைவிக்க விடுங்கள். பள்ளிக்கூடத்துக் குழாயடிப் பக்கம் ஆறடிப் பாத்தி போதும். சிறுகீரை விதை ரொம்பப் பொடி. மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். 25 நாளில் பறிக்கலாம். பிள்ளைகளே பறித்து, அலசி, சத்துணவு அக்கா கையில் கொடுக்கட்டும். அன்றைக்கு நீங்களும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். என் வகுப்பில் கீரையைத் தொடாத ஒரு பையன், "இது நான் தண்ணி ஊத்தினது டீச்சர்" என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

பிறந்தநாள் சாக்லேட்டுக்குப் பதில் கொய்யாவோ கடலை மிட்டாயோ கொடுக்கலாம் என்று ஜூன் மாதமே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விளையாட்டு. 5 வயது முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் பாடம் முடியவில்லை என்று விளையாட்டு பீரியடை எடுக்காதீர்கள். தண்டனையாகவும் பறிக்காதீர்கள், அது அநியாயம்.

ஒன்றைக் கவனியுங்கள். 'அவுட்' ஆனால் உட்கார வேண்டிய ஆட்டங்களில், ஓட முடியாத பிள்ளைதான் முதலில் வெளியேறும், அதிக நேரம் உட்காரும். நான் விதியை மாற்றினேன்: அவுட் ஆனால் கயிறு பத்து முறை தாண்டிவிட்டுத் திரும்ப வரலாம். கிளித்தட்டுக்கும் இதே விதிதான்.