"இன்காக்னிட்டோலதானே தேடினேன்?": பிரவுசர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கலாம் என்று அண்ணனும் அவரும் முடிவு செய்தார்கள். ஒரு நல்ல சேதி வந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு போன் பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற மறைவுப் பயன்முறையைத் திறந்து மருத்துவமனைகளைத் தேடியிருக்கிறார் அண்ணி. நான்கே நாளில், அவருடைய போனை வாங்கி என் அம்மா சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது, கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இன்காக்னிட்டோலதானே தம்பி தேடினேன்?" என்று என்னிடம் கேட்டபோது அண்ணிக்குக் குரலே எழும்பவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு தளத்தில் அப்பாயின்ட்மென்ட்டுக்காகத் தன் போன் நம்பரையும், எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார். இப்படி வாங்கும் நம்பரையும் மின்னஞ்சலையும் குறியீடாக மாற்றி விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பும் தளங்கள் நிறைய உண்டு. அங்கே அதே நம்பரில் உங்களுக்குக் கணக்கு இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தளத்தின் லிங்க்கை ஒரு சமூக ஊடகச் செயலிக்குள்ளேயே தட்டித் திறந்திருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்காக்னிட்டோ செய்வது ஒரே வேலைதான். ஜன்னலை மூடியதும் அந்தப் போனில் ஹிஸ்டரியையும், தளங்கள் விட்டுச்செல்லும் குக்கி என்ற அடையாளச் சீட்டையும் துடைத்துவிடும். அதே போனை எடுத்துப் பார்ப்பவருக்குத் தடயம் கிடைக்காது. ஆனால் நீங்கள் போன தளத்துக்கும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் நீங்கள் வந்துபோனது தெரியும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைப்புத் தரும் கம்பெனிக்கும் தெரியும். குரோமின் இன்காக்னிட்டோவில் இருந்தவர்களிடமும் கூகுள் தகவல் சேகரித்தது என்று 2020-இல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமரசம் ஏற்பட்டது. பல நூறு கோடி பதிவுகளை அழிக்கவும், இன்காக்னிட்டோ பற்றிய அறிவிப்பைத் திருத்தவும் கூகுள் ஒப்புக்கொண்டது. அந்தப் பயன்முறையை நம்பி ஏமாந்தது அண்ணி ஒருவர் மட்டும் இல்லை.

போனோடு வந்த பிரவுசரை, வந்த அமைப்பிலேயே வைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இதற்குக் குக்கியின் கதை தெரிய வேண்டும். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டூல்லி அதை உருவாக்கினார். ஒரு தளம் தன்னிடம் வந்தவரை அடுத்த பக்கத்திலும் அடையாளம் தெரிந்துகொள்ளக் கொடுக்கும் டோக்கன் அது. அதில் குற்றமே கிடையாது. அது இல்லையென்றால் பஸ் டிக்கெட் தளத்தில் நீங்கள் எடுத்த சீட் அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். வம்பு எங்கே வந்தது என்றால், ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் செய்தித் தளத்திலும் மருந்துக்கடைத் தளத்திலும் டிக்கெட் தளத்திலும் உட்கார்ந்துகொண்டு, எல்லா இடத்திலும் ஒரே டோக்கனைப் படிக்கிறது. இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கி என்கிறார்கள். காலையில் படித்த செய்தி, மத்தியானம் தேடிய மாத்திரை, ராத்திரி பார்த்த ஊர், மூன்றும் ஒரே ஆளின் கணக்கில் ஏறிவிடும்.

ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சில் இதை முழுதாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடும் ஏற்பாட்டைக் கணினியில் எல்லோருக்கும் கொண்டுவந்தது. குரோம் 2020-இல் இரண்டு வருஷத்தில் நிறுத்துவோம் என்றது, தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தது, கடைசியில் 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆகவே பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும்போது வேகம், அழகு எல்லாவற்றுக்கும் முன்னால், இதை உருவாக்குபவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

அதே கேள்வியை நல்ல பெயர் வாங்கியவர்களிடமும் கேட்க வேண்டும். ஃபயர்பாக்ஸைத் தரும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறியாக கூகுளை வைத்திருப்பதற்காக கூகுள் கொடுக்கும் பணம். 2020-இல் பிரேவ் பிரவுசரில் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டினால், பிரேவுக்குக் கமிஷன் வரும் குறியீடு தானாகச் சேர்ந்தது. அம்பலமானதும் மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள். மைக்ரோசாஃப்ட்டுடன் போட்ட ஒப்பந்தத்தால் டக்டக்கோவின் பிரவுசர் மைக்ரோசாஃப்ட்டின் ட்ராக்கர்களை, அதாவது நம்மைப் பின்தொடரும் நிரல்களை, மட்டும் விட்டுவைத்தது 2022 மே மாதம் தெரியவந்தது. ஆகஸ்டில் தடுப்பை விரிவாக்கினார்கள். இவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, நானே ஃபயர்பாக்ஸ்தான் வைத்திருக்கிறேன். ஒரு பெயரை நம்பி அதோடு கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. மாட்டிக்கொண்டபோது என்ன செய்தார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

டேட்டா மிச்சம், வேகம் என்று ஆசை காட்டும் பிரவுசர்களைப் பற்றி நம்மூரில் சொல்லியே ஆக வேண்டும். 2ஜி காலத்தில் யூசி பிரவுசர் இல்லாத போன் அபூர்வம். டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-இல் அதைப் பிரித்துப் பார்த்தது. போனின் அடையாள எண், சிம் எண், இருக்கும் இடம், தேடிய சொற்கள் என எல்லாம் சரியான மறையாக்கம் இல்லாமல் வெளியே போவதைக் கண்டது. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. பக்கத்தைச் சுருக்கித் தரும் பிரவுசர் அதைத் தன் சர்வரில் வாங்கிப் பிரித்துத்தானே சுருக்க முடியும்? நடுவில் ஒருவர் கடிதத்தைப் பிரித்துப் படித்துத் தருகிறார் என்று அர்த்தம். இன்றைக்கு இருக்கும் டேட்டா விலையில் அந்த மிச்சம் தேவையே இல்லை.

பிரவுசரை மாற்றிய கையோடு, அதோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களான எக்ஸ்டென்ஷன்களை அள்ளிப் போடுவது நான் செய்த தவறு. கூப்பன் தேட ஒன்று, ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஒன்று, இருட்டுப் பின்னணிக்கு ஒன்று. நிறுவும்போது "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம்" என்று அனுமதி கேட்கும். சரி என்று தட்டினால், நீங்கள் பார்க்கும் எதையும் அதுவும் பார்க்கலாம். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம், ட்ராக்கர்களைத் தடுப்பதாகச் சொல்லிக் கொடுத்த எக்ஸ்டென்ஷன்கள் வழியாகவே மக்கள் போன தளங்களைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலம் விற்றது. 2020 ஜனவரியில் அம்பலமாகி ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஒரே ஒரு விளம்பரத் தடுப்பான் போதும், யூபிளாக் ஆரிஜின். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் அங்கே அதன் சின்ன வடிவம்தான் ஓடும். ஃபயர்பாக்ஸில், ஆண்ட்ராய்டு போனில்கூட, முழுதாக ஓடும்.

எக்ஸ்டென்ஷன்களைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. குக்கியே இல்லாமல் உங்களை அடையாளம் காணலாம். திரை அளவு, நேர மண்டலம், மொழி, கணினியில் இருக்கும் ஃபாண்ட்கள், போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் இவற்றைச் சேர்த்தால் ஒரு கைரேகை கிடைக்கும். எலக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2010-இல் நடத்திய சோதனையில் 83.6 சதவீத பிரவுசர்கள் மற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. தமிழில் தட்டச்சு செய்ய பாமினி மாதிரிப் பழைய ஃபாண்ட்களைப் போட்டு, பிரவுசர் மொழியையும் தமிழாக வைத்திருக்கும் கணினி, கூட்டத்தில் சீக்கிரம் கண்ணில் படும். அதற்காகத் தமிழை எடுக்காதீர்கள். கைரேகைத் தடுப்பு இருக்கும் பிரவுசரைப் பாருங்கள். டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரி காட்டப் பார்க்கிறது. அதில் எக்ஸ்டென்ஷன் சேர்த்தாலும், உங்கள் சொந்தக் கணக்கில் லாகின் செய்தாலும் பட்ட பாடெல்லாம் வீண்.

அண்ணியின் இரண்டாவது கதவுக்கு வருகிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரிச் செயலிகளில் லிங்க்கைத் தட்டினால் பெரும்பாலும் உங்கள் பிரவுசர் திறப்பதில்லை. செயலிக்குள்ளேயே ஒரு ஜன்னல் திறக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிரவுசர் அங்கே எட்டிப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஜன்னலில் திறக்கும் பிறர் பக்கங்களுக்குள் செயலி தன் நிரலைச் செருகுவதை 2022 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் க்ராவுஸ் என்ற மென்பொருள் ஆய்வாளர் காட்டினார். மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும், அதைத் தட்டி வெளிப் பிரவுசரில் திறக்கச் சொல்லுங்கள். இதைப் பழக்கிக்கொள்ள இரண்டு நாள் ஆகும்.

இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு: இணைப்புத் தரும் கம்பெனி பார்த்ததை இனி விபிஎன்காரர் பார்ப்பார். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ விபிஎன், பயனர்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்கே சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம், யாரும் கேள்விப்படாத "தனியுரிமை" பிரவுசரை நிறுவும் முன், கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டை அடைக்காத பிரவுசர் ஆபத்து. ஐபோன்காரர்களுக்கு ஒன்று: இந்தியாவில் ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது பக்கங்களைத் திரையில் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். சஃபாரியின் அமைப்புகளைச் சரிசெய்தாலே பெரும்பாலோருக்குப் போதும்.

அண்ணியின் போனில் ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் போட்டு, அதையே முதன்மைப் பிரவுசராக வைத்தோம். ஆண்ட்ராய்டு அமைப்பில் தனியுரிமை, விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை அழித்தோம். கூகுளின் விளம்பர மையத்தில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு என்று ஒரு தலைப்பே இருக்கிறது, அதைக் குறைக்கச் சொன்னோம். சிகிச்சைக்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்தார். அடுத்த மருத்துவமனையின் தளத்தில் படிவம் நம்பர் கேட்டதும் அதை மூடிவிட்டு, பக்கத்தின் அடியில் இருந்த லேண்ட்லைனுக்கு அழைத்து அப்பாயின்ட்மென்ட் வாங்கினார்.