கோர்ட்டு சம்மன் முறையாகப் போய்ச் சேர: ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லும் வழி

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். பிராது, அதாவது வழக்கு மனு, கோர்ட்டில் நம்பர் ஆனதிலிருந்து பிரதிவாதி கோர்ட்டுக்கு வந்து தன் வக்கீலுக்கான வக்காலத்து போடுகிற வரைக்கும் உள்ள ஓட்டம் பெரும்பாலும் என்னுடையது. பேட்டா என்கிற சம்மன் கட்டணம் கட்டுவது, சம்மன் படிவம் எழுதுவது, சம்மன்களை அனுப்பி வைக்கிற நாசர் அலுவலகத்தில் கொடுப்பது, சம்மன் கொடுத்த விவரம் எழுதித் திரும்பி வந்த ரிட்டர்னைப் படித்து வக்கீலிடம் சொல்வது எல்லாம் நான்தான். சொத்து வழக்கோ கடன் வழக்கோ, வருடக்கணக்கில் இழுப்பதற்குச் சட்டச் சிக்கலைவிட சம்மன் ஒழுங்காகச் சார்பு ஆகாததே, அதாவது உரியவரிடம் முறைப்படி போய்ச் சேராததே காரணமாக இருப்பதைப் பல வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். வாங்கிய தீர்ப்பு பிறகு ரத்தாவதும் பல நேரம் இதே இடத்தில்தான். அதனால் சம்மன் அனுப்புகிறவருக்கும் அது வந்து சேர்கிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிவில் வழக்குக்கு அடிப்படை 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதில் 5ஆவது கட்டளை (ஆர்டர்) என்கிற பகுதி முழுக்கச் சம்மனைப் பற்றியது. ஒருவர் மேல் வழக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிவித்து, பதில் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகுதான் கோர்ட்டு அவருக்கு எதிராக எதையும் முடிவு செய்யலாம். அந்தத் தெரிவித்தல் நடந்ததற்கு ஆதாரம் ரிட்டர்ன் என்கிற ஒற்றைத் தாள்.

வழக்குப் போடுகிறவர் முதலில் விலாசத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஒரு வடக்குத் தெரு, ஒரு கீழத் தெரு உண்டு. ஒரே தெருவில் முருகேசன் என்று இரண்டு பேர் இருப்பார்கள். எனவே தகப்பனார் பெயர் அல்லது கணவர் பெயர், பழைய கதவு எண், புதிய கதவு எண், ஊர், வட்டம், பின்கோடு எல்லாம் வேண்டும். பக்கத்தில் இருக்கிற கோயிலோ ரேஷன் கடையோ எழுதினால் போகிறவருக்கு உதவும். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தெரிந்தால் கொடுங்கள். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் தனித்தனிச் சம்மன், ஒவ்வொன்றோடும் பிராதின் நகல் இருக்க வேண்டும். நகல் இல்லாமல் வெறும் சம்மனைக் கொடுத்தால் அது முறையான சார்பு ஆகாது. ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் தம்பி எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லவும் முடியாது.

பாகப்பிரிவினை வழக்குகளில் நடக்கிற ஓர் அநியாயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அக்கா தங்கைகளைக் கட்டிக் கொடுத்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஒருத்தி திருப்பூரில் இருப்பாள், இன்னொருத்தி சென்னையில் இருப்பாள். பிராதில் மட்டும் எல்லோருக்கும் பிறந்த வீட்டு விலாசத்தையே போட்டிருப்பார்கள். சம்மன் வந்ததும் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். தங்கைக்கு ஒன்றும் தெரியாது. பங்கு இல்லை என்று தீர்ப்பான பிறகு, நிலத்தை விற்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லித்தான் அவளுக்கு விஷயம் வரும். சட்டம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பிரதிவாதி வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் அவரைப் பார்க்க வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் வாங்க அதிகாரம் பெற்ற ஆளும் இல்லை என்றால்தான் குடும்பத்தில் வேறொருவரிடம் கொடுக்கலாம். அவரும் வயது வந்தவராக, பிரதிவாதியோடு கூட வசிக்கிறவராக இருக்க வேண்டும். திருப்பூரில் இருக்கிற தங்கையோடு கும்பகோணத்து அண்ணன் கூட வசிக்கவில்லை. அந்தக் கையெழுத்து அவளைக் கட்டுப்படுத்தாது. இப்படித் தீர்ப்பு வாங்கியவர்கள் சில வருடம் ஜெயித்ததாக நினைக்கலாம், வழக்கு கடைசியில் முதல் படிக்கே திரும்பி வரும்.

வேலைக்காரரைக் குடும்பத்தவராகச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டக்காரரிடமோ சமையல் செய்கிற அம்மாவிடமோ கொடுத்தால் செல்லாது. முன்பெல்லாம் குடும்பத்து ஆண்களிடம் மட்டும்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சிவில் வழக்கில் பெண்களும் வாங்கலாம். கிரிமினல் பக்கம் இந்த மாற்றம் வர 2024 ஜூலை 1 அன்று புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டையே நிர்வகிக்கிற பெண்மணியிடம் ஒரு காகிதத்தைக் கொடுக்க முடியாத நிலை அவ்வளவு காலம் நீடித்திருக்கக் கூடாது.

சரி, சம்மன் எப்படிப் போகும்? ஊரில் அமீனா என்று சொல்கிற கோர்ட்டு ஆள் நேரில் கொண்டுபோவது ஒரு வழி. ஒப்புகை அட்டையோடு தபாலில், கோர்ட்டு ஒப்புதல் பெற்ற கூரியரில், மின்னஞ்சலில் அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே ஒப்புகை வேண்டும் என்று தபால் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாதியே சம்மனை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கவும் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம். முடிந்தவரை ஆள் வழியும் தபால் வழியும் சேர்ந்தே போகட்டும் என்பேன். ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும்.

தபால் திரும்பி வந்தால் உறையின் மேல் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். 'வாங்க மறுத்தார்' என்று இருந்தால் கவலை இல்லை, முறையாகச் சார்பு ஆனதாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். 'கதவு பூட்டியிருந்தது' என்றால் அது வேறு, இன்னொரு முயற்சி தேவைப்படும். 'குடிபெயர்ந்தார்' என்றால் புது விலாசம் தேட வேண்டும். 'இறந்துவிட்டார்' என்று வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு வக்கீலிடம் சொல்லுங்கள், ஏனென்றால் இறந்தவர் மேல் வாங்குகிற தீர்ப்பு செல்லாது. சரியான விலாசத்துக்கு ஒப்புகையோடு அனுப்பிய தபாலுக்கு 30 நாள் ஆகியும் ஒப்புகை அட்டை திரும்பவில்லை என்றாலும் சார்பு ஆனதாகக் கோர்ட்டு அறிவிக்கலாம். இன்னொரு கணக்கையும் மறக்காதீர்கள். சம்மன் சார்பு ஆகாமல் திரும்பிய பிறகு 7 நாளுக்குள் புதுச் சம்மனுக்கு மனுப் போடாவிட்டால் வழக்கே தள்ளுபடி ஆகலாம். காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம் என்றாலும் அந்த நிலைமைக்கு விடாமல் இருப்பதே நல்லது.

இனி, கதவில் ஒட்டுகிற விஷயம். ஜனங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். பிரதிவாதி கையெழுத்துப் போட மறுக்கிறார், அல்லது தகுந்த முயற்சி செய்தும் அவரைப் பார்க்க முடியவில்லை, கொடுக்கத் தகுந்த வேறு ஆளும் இல்லை என்றால் வீட்டு வெளிக்கதவிலோ பார்வையில் படுகிற இடத்திலோ நகலை ஒட்டலாம். அது அவர் வழக்கமாக வசிக்கிற அல்லது தொழில் செய்கிற இடமாக இருக்க வேண்டும். முதல் தடவை போனபோது அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார் என்பதற்காக உடனே ஒட்டிவிட்டு வரக் கூடாது. எப்போது வருவார் என்று விசாரிக்க வேண்டும், மறுபடி போக வேண்டும். எந்த நாள், எந்த நேரம் போனார், என்ன நிலைமையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதெல்லாம் பெயர் விலாசத்தோடு ரிட்டர்னில் இருக்க வேண்டும். 'ஆள் இல்லை, ஒட்டப்பட்டது' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் பிறகு அதைப் பிடித்துக்கொள்வார். வாதிப் பக்கத்துக்கு நான் சொல்வது, ஊரறிந்த ஒருவரை அடையாளம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். அவர் பிரதிவாதிக்குப் பகையாளியாக இல்லாமல் இருப்பது நல்லது. தேவைப்பட்டால் கோர்ட்டு அந்தப் பணியாளரையே கூப்பிட்டு விசாரிக்கும். இப்போது என்ஸ்டெப் என்கிற செயலி வழியாக, போன இடமும் நேரமும் பதிவாகிற முறையும் வந்திருக்கிறது. நேர்மையாக வெயிலில் அலைந்து போய்க் கொடுக்கிறவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

எந்த வழியிலும் கொடுக்க முடியவில்லை, ஆள் வேண்டுமென்றே ஒளிகிறார் என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் மாற்றுச் சார்புக்கு உத்தரவு கேட்கலாம். கோர்ட்டு அறிவிப்புப் பலகையிலும் அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டிலும் ஒட்டுவார்கள், அல்லது நாளிதழில் விளம்பரம் போடுவார்கள். அந்த நாளிதழ் அவர் கடைசியாக வசித்த அல்லது தொழில் செய்த பகுதியில் விற்பனை ஆவதாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருந்தவருக்கு எங்கள் ஊர்ப் பதிப்பில் விளம்பரம் கொடுத்துப் பயன் இல்லை. இது செலவு குறைந்த குறுக்கு வழி என்று ஆரம்பத்திலேயே இதற்குப் போகாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கம்பெனி மேல் வழக்கு என்றால் செயலாளர், இயக்குநர் அல்லது முதன்மை அலுவலரிடம் கொடுக்கலாம், பதிவு அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சிறையில் இருப்பவருக்குச் சிறை அதிகாரி மூலம், ராணுவத்தில் இருப்பவருக்கு அவருடைய கட்டளை அதிகாரி மூலம் போகும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவருக்கு இங்கே வாங்கிக்கொள்ள அதிகாரம் உள்ள ஆள் இல்லையென்றால் அவர் இருக்கிற விலாசத்துக்கே அனுப்ப வேண்டும்.

இப்போது சம்மன் வந்து சேர்கிறவருக்கு. தயவுசெய்து வாங்குங்கள். வாங்காமல் விட்டால் வழக்கு நடக்காது என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்து நின்றதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவது, வாங்கினேன் என்பதற்கு மட்டும்தான், கடனையோ குற்றச்சாட்டையோ ஒப்புக்கொண்டதாக ஆகாது. நீதிபதி அல்லது அவர் நியமித்த அலுவலர் கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் இருக்கிறதா, பிராது நகல் இருக்கிறதா, வாய்தா தேதி என்ன என்று பாருங்கள். வாங்கிய தேதியை உங்கள் நகலின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது பிராதுக்கு உங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட்டு அவகாசம் தரலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு.

வாட்ஸாப்பில் ஏதாவது சம்மன் வந்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்கிற 16 இலக்கத் தனி அடையாள எண் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் வழக்கு உண்மையா, எந்தக் கோர்ட்டு, அடுத்த வாய்தா எப்போது என்று தெரிந்துவிடும். பணம் அனுப்பினால் வழக்கை முடிக்கிறேன் என்று போனில் யார் சொன்னாலும் அது மோசடி. எந்தக் கோர்ட்டும் அப்படிக் கேட்காது.

தெரியாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டதா? அதை ரத்து செய்ய மனுப் போடலாம். சாதாரணமாகத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாகச் சார்பு ஆகவில்லை என்றால், உங்களுக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஆரம்பிக்கும். நாளிதழ் விளம்பரம் போன்ற மாற்றுச் சார்பை இந்தக் கெடுவைக் கணக்கிடும்போது முறையான சார்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் வாதிகள் அந்தக் குறுக்கு வழியை நம்பக் கூடாது என்றேன். ஆனால் வாய்தா தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று கோர்ட்டு கண்டால், சார்பில் உள்ள சின்னக் குறையை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது.

மனுப் போடுவதற்கு முன், வழக்குக் கட்டில் இருக்கிற சம்மன் ரிட்டர்னுக்கும் தபால் உறைக்கும் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். யார் கையெழுத்து, எந்தத் தேதி, எந்த விலாசம், யார் அடையாளம் காட்டினார்கள் என்று வரி வரியாகப் பாருங்கள். அந்தத் தேதியில் நீங்கள் வேறு ஊரில் இருந்ததற்கு ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.