கொன்றை விதை முளைக்கவில்லையா? பை மண்ணைக் கொட்டாதீர்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் தெருவோரக் கொன்றை மரமொன்றின் கீழே பொறுக்கிய காய்களை உடைத்து, நாற்பது விதைகளை நாற்பது பொலித்தீன் பைகளில் ஊன்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் முளைத்தவை மூன்று. மிச்சமெல்லாம் சொத்தை என்று தீர்ப்பளித்து, மண்ணை வேலியோரம் கொட்டிவிட்டேன். அடுத்த மாரி முடிந்தபோது அந்தக் குவியலில் பதினொரு கன்றுகள் நின்றன. விதையில் ஒரு குற்றமும் இல்லை. நான் ஊற்றிய தண்ணீர்தான் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

கொன்றை, செம்மயிற்கொன்றை, இயல்வாகை, மஞ்சாடி ஆகிய மரங்களின் விதைத்தோலில் கலங்கள் தூண்கள் போல நெருக்கமாக அடுக்கி நிற்கும். அந்த அடுக்கு நீரைப் புகவிடாது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டோ, மண்ணில் உரசியோ, விலங்கின் வயிற்றுக்குள் போய் வந்தோ தோல் நைந்த பிறகே முளை வரும். அதற்குச் சில வேளை ஆண்டுக்கணக்காகும். நாம் அந்த வேலையை ஒரே நாளில் செய்ய நினைக்கிறோம். தவறுகள் அங்கேதான் நேர்கின்றன.

பச்சைத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து ஊன்றுவது பலரின் வழக்கம். பயறுக்கு அது போதும், கொன்றைக்குப் போதாது. இன்னொரு சாரார் விதையைப் பானையிலிட்டு அடுப்பில் கொதிக்கவிடுகிறார்கள். அது விதையை அவிப்பது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விதையைப் போட வேண்டும். விதையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் இருக்கட்டும். தானாக ஆறி, மறுநாள் காலைவரை அப்படியே கிடக்கட்டும்.

காலையில் பாத்திரத்தை உற்றுப் பாருங்கள். சில விதைகள் ஏறக்குறைய இரு மடங்காகப் பருத்திருக்கும். சில அதே சிறு உருவில், அதே மினுக்கத்துடன் கிடக்கும். பருத்தவற்றை அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். நீர் குடித்த விதையை மீண்டும் காயவைத்துச் சேமிக்க முடியாது. மினுங்குபவற்றை மறுபடி வெந்நீரில் போடலாம், அல்லது கீறலாம். இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாக ஊன்றுவதுதான் நான் கண்ட மிகப் பெரிய தவறு. பாதிப் பைகள் வெறுமையாகக் கிடக்கும். பழி விதையின்மேல் விழும்.

செம்மயிற்கொன்றைக்கு வெந்நீர் பெரும்பாலும் பலிக்கும். கொன்றைக்குச் சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. ஆகவே கொன்றைக்கு நான் நகவெட்டியையே நம்புகிறேன். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். காயோடு ஒட்டியிருந்த இடத்தில் சிறு தழும்பு தெரியும். முளைவேர் அதன் அருகில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை விட்டு, எதிர்ப்பக்க விளிம்பில் வெட்டுங்கள். உள்ளே வெளிறிய பருப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆழமாக வெட்டினால் மண்ணுக்குள் அழுகிவிடும். நகவெட்டி இல்லாவிட்டால் சீமெந்துப் படியில் தேய்த்தாலும் போதும். அமிலத்தில் ஊறவைக்கும் முறையும் உண்டு. பெரிய நாற்றுமேடைக்காரர்கள் செய்யட்டும். பிள்ளைகள் ஓடித் திரியும் வளவில் அந்த வேலை வேண்டாம்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சாடி விதை முழுச் சிவப்பு. கறுப்புப் பொட்டுடன் இருப்பது கொடியில் காய்க்கும் குன்றிமணி. அது கொடிய நஞ்சு. தோல் கீறிய குன்றிமணி இன்னும் ஆபத்தானது. இரண்டையும் ஒரே சிரட்டையில் போட்டு வைக்காதீர்கள்.

வெந்நீர் வித்தையைக் கற்றவர்கள் அதை எல்லா விதைக்கும் செய்து பார்ப்பதும் உண்டு. வேம்பும் இலுப்பையும் நீர் புகாத தோலுள்ள கடின விதைகள் அல்ல. பழுத்து விழுந்த சில வாரங்களிலேயே அவற்றின் முளைப்புத்திறன் குறைந்துவிடும். சதையைக் கழுவி உடனே ஊன்ற வேண்டியவை அவை. வெந்நீர் பட்டால் அத்தோடு சரி.

பருவத்தையும் நம்மவர்கள் பிழையாகவே கணிக்கிறார்கள். மழை வந்தால் முளைக்கும் என்று ஐப்பசியில் விதைத்தால், கார்த்திகை, மார்கழி அடைமழையில் இளநாற்று தண்டடியில் அழுகிச் சாயும். மாரி தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியது விதையல்ல, கன்று. அதற்கு ஆனி, ஆடியில் விதைக்க வேண்டும். அப்போது கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும். வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள எழுவான்கரை மணலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மேலே கிடுகுப் பந்தலும், காற்று வரும் பக்கம் சாக்கு மறைப்பும் போடுங்கள். வெறும் மணலை நிரப்பாமல் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்துகொள்ளுங்கள். ஆழம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் போதும்.

பைக்குள் கன்றை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். அப்படி நட்ட மரம் பார்வைக்கு நன்றாகவே வளரும். பெருங்காற்றில்தான் அதன் குறை தெரியும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மூத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்மயிற்கொன்றையின் வேர் மேலாகப் படர்வது, கிளையும் முறியக்கூடியது. அதைச் சுவரோரம் நடாதீர்கள்.

மூன்று வாரமாகியும் பை வெறுமையாக இருந்தால் விரலால் மண்ணைக் கிளறி விதையை எடுங்கள். நசுக்கினால் கூழாகிறதா, போய்விட்டது. கல்லாக இருக்கிறதா, கழுவித் துடைத்து, நகவெட்டியை எடுங்கள்.